உங்கள் பாடசாலைத் தண்ணீர்க் கணக்கை ஊருக்குச் சொல்வது எப்படி?

மழைநீர் சேர்க்கப் பாடசாலைக் கூரை ஓரத்தில் பீலி பூட்டி, தாங்கி வைத்து, உங்கள் மாணவர் குழு படமும் எடுத்தாயிற்று. இனி அதைப் பற்றிப் பேச வேண்டும். ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்க வேண்டாம். வன்னியில் இரணைமடுக் குளத்தையும் வவுனிக்குளத்தையும் நம்பி விதைக்கிற சனத்துக்கு அது தெரியும். அவர்களிடம் கணக்கோடு போங்கள்.

படி 1: ஒரு கொப்பி போடுங்கள். திகதி, மழை, கிணற்று மட்டம், இந்த மூன்றும் போதும். கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குங்கள். கிணற்றுக் கட்டின் மேல் ஒரு இடத்தில் பெயின்ற் அடையாளம் வைத்து, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். அதுவும் காலையில், மோட்டர் போடுவதற்கு முன். பக்கத்தில் ஆசிரியர் ஒருவர் நிற்கட்டும்.

படி 2: கூரைக் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். வகுப்பறைக் கூரை 12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் என்றால் 72 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கு 720 லீற்றர். தெறிப்பதும் ஒழுகுவதும் போக எண்பது வீதம் என்று வையுங்கள்: 576 லீற்றர். கூரையின் சரிவை அளக்கத் தேவையில்லை. அது மூடுகிற நிலத்தை அளந்தால் சரி.

படி 3: இருந்து யோசியுங்கள். எனக்கு முக்கியமான படி இதுதான். 5000 லீற்றர் தாங்கி நிரம்பி நிற்கிறது, 100 பிள்ளைகள் ஆளுக்கு 2 லீற்றர் எடுக்கிறார்கள் என்றால் 25 நாளில் முடிந்துவிடும். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை நீளும் வன்னிக் கோடைக்கு இது காணாது. அப்படியென்றால் இந்தத் தண்ணீரை எதற்கு ஒதுக்குவது? தோட்டத்துக்கா, கை கழுவவா? வழிந்து போவதைக் கிணற்றடிக் குழிக்குள் இறக்கலாமா? குழுவில் ஆளுக்கொரு பதில் வரும். எல்லாவற்றையும் எழுதுங்கள், சரிவராத யோசனையையும் சேர்த்து.

படி 4: சொல்லுங்கள். காலைப் பிரார்த்தனையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கலாம். அதைவிட நல்ல இடம் கமக்கார அமைப்பு, அதாவது விவசாயிகள் சங்கத்தின் கூட்டம். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் பயிருக்கு, எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். கொப்பியில் உள்ள கிணற்று மட்டத்தை வரைபாகக் கீறிக் கொண்டுபோனால், அவர்கள் ஒரு பார்வையில் வாசித்துவிடுவார்கள். ஒரு பெரிய தாள், இரண்டு வரைபு, மூன்று படம். அதற்கு மேல் வேண்டாம். படத்தில் பிள்ளைகளின் முகம் தெரிந்தால் வீட்டில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பேசுவது ஒருவர், கேள்விகளைக் கொப்பியில் குறிப்பது இன்னொருவர். அடுத்த மாரிக்கு எதை அளப்பது என்பதை அந்தக் கேள்விகளிலிருந்து எடுக்கலாம்.