பசுமைக் கட்டடத் திட்டமிடலில் பராமரிப்புக் குழுவுக்கு என்ன வேலை? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

ஒரு வணிகக் கட்டடத்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் கட்டி முடித்துவிடலாம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அதை ஓட்டப் போகிறவர்கள் வேறு ஆட்கள். ஏசி, மின்சாரம், தண்ணீர், லிஃப்ட், துப்புரவு என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு வசதி மேலாண்மை என்று பெயர். இதற்கென்றே ஐஎஸ்ஓ 41001 என்ற உலகத் தரநெறி 2018-இல் வந்தது. ஆனாலும் சாவிக்கொத்தை ஒப்படைக்கும் நாளில்தான் பெரும்பாலும் இவர்களைக் கூப்பிடுகிறார்கள். கட்டடம் உண்மையிலேயே மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால், வரைபடம் இன்னும் அழித்துத் திருத்தும் நிலையில் இருக்கும்போதே இவர்கள் வந்து உட்கார வேண்டும். வந்து என்ன செய்வது?

படி 1: பழைய கட்டடத்தின் கணக்கை எடுங்கள்

இப்போது இயங்கும் கட்டடத்தின் 12 மாத மின் கட்டண ரசீதுகள், தண்ணீர்க் கணக்கு, புகார்ப் பதிவேடு மூன்றும் வேண்டும். ஆண்டின் மொத்த யூனிட்டைத் தளப் பரப்பால் வகுத்தால், சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் கிடைக்கும். புதிய கட்டடத்தின் இலக்கை அதை வைத்துத்தான் பேச முடியும்.

புகார்ப் பதிவேட்டை அலட்சியமாக விடாதீர்கள். "மூன்றாம் மாடி, மேற்கு மூலை, பிற்பகல் 3 மணிக்கு மேல் புழுக்கம்" என்ற வரி இருபது முறை வந்திருந்தால், மேற்குக் கண்ணாடிக்கு வெளியே நிழல் தடுப்பு தேவை என்று கட்டடக் கலைஞரிடம் வாதாட அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

படி 2: ஏணியைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் படியுங்கள்

என்னைக் கேட்டால், மற்ற படிகளில் கொஞ்சம் கோட்டைவிட்டாலும் இதில் விடக் கூடாது. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் விரலை வைத்துக் கேளுங்கள்: இதைக் கழற்றிச் சுத்தம் செய்ய யார் வருவார், எதன்மேல் நிற்பார், கழற்றியதை எந்த வழியாக எடுத்துப் போவார்?

காற்று ஃபில்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தூசி அடைந்த ஃபில்டரில் காற்று புகச் சிரமப்படும். ஒன்று விசிறி கூடுதல் மின்சாரம் தின்னும், அல்லது அறைக்குப் போகும் காற்று குறையும். மேசைகளை நகர்த்தி, ஏணி போட்டு, தலைகீழாக வளைந்து எடுக்க வேண்டிய இடத்தில் ஃபில்டர் இருந்தால், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டியது ஆண்டுக்கு ஒருமுறையாகிவிடும். ஆட்களின் சோம்பலைத் திட்டிப் பயனில்லை, தவறு வரைந்தவருடையது.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில், குளிர்நீர்க் குழாயின் வால்வை மூடிய ஜிப்சம் சீலிங்குக்கு மேல் வைத்துவிட்டார்கள். கையை உள்ளே விட ஒரு கதவுகூட இல்லை. வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது எங்களுக்குத் தெரியவேயில்லை. ஆளில்லாத கூட்ட அறை இரவெல்லாம் குளிர்ந்துகொண்டிருந்தது. சீலிங்கை அறுத்துப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. இரண்டு சாண் அகலக் கதவு ஒன்றை வரைபடத்தில் போட்டிருந்தால் போதும்.

இன்னொன்று: ஏசியின் குளிர்ச்சுருளை முழுதாக வெளியே உருவ, சுருளின் நீளத்துக்குக் குறையாமல் எதிரே காலி இடம் வேண்டும். சுவரை ஒட்டி வரைந்திருந்தால் என்றாவது ஒருநாள் சுவர் உடையும்.

படி 3: மீட்டர்களை இப்போதே கேட்டு வாங்குங்கள்

நுழைவில் ஒரே ஒரு மீட்டர் இருந்தால் செலவு கூடியது தெரியும், எங்கே கூடியது என்று தெரியாது. ஏசி, விளக்குகள், லிஃப்ட், சர்வர் அறை, வாடகைதாரர் பகுதி எனத் தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு இரவு 2 மணி அளவைப் பாருங்கள். யாருமில்லாத நேரத்தில் விளக்கு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு டைமரோ சென்சாரோ வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஏசி இழுத்த வெப்பத்தைத் தண்ணீர் மூலம் வெளியே விடும் கூலிங் டவருக்கு இரண்டு தண்ணீர் மீட்டர்கள் வேண்டும்: உள்ளே ஊற்றும் தண்ணீருக்கு ஒன்று, உப்பு ஏறியதால் வெளியேற்றும் தண்ணீருக்கு ஒன்று. இரண்டாவது மீட்டர் திடீரென எகிறினால், தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறது. குழாய் போட்டபின் மீட்டர் வைப்பதென்றால் ஓட்டத்தை நிறுத்தி, குழாயை அறுக்க வேண்டிவரும்.

படி 4: வாங்கும் விலையோடு ஓட்டும் செலவையும் வையுங்கள்

சிக்கனக் கூட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது விசிறி, பம்புகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிதான். அதை எதிர்த்துச் சொல்ல ஒரு பதில் தயாராக இருக்கட்டும்: விசிறிக்கு வேண்டிய மின்திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், கணக்குப்படி மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

படி 5: ஒப்படைப்பை ஒரே நாளில் முடிக்கவிடாதீர்கள்

பிரிட்டனில் 'சாஃப்ட் லேண்டிங்ஸ்' என்றொரு நடைமுறை உண்டு. வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் திறப்பு விழாவோடு கிளம்பிவிடாமல், அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் வரை கட்டடத்தின் செயல்பாட்டைக் கவனிப்பார்கள். அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், வெயில் காலத்தில் ஒருமுறை, குளிர் காலத்தில் ஒருமுறை ஏசியைச் சோதித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பயிற்சி வகுப்பைக் காணொளியாகப் பதிவு செய்யவும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பயிற்சி பெற்றவர் அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்.