முதியோர் நலக் கொள்கை ஃபெலோஷிப்: விண்ணப்பத்தில் எங்கே சறுக்குகிறோம்?

கொள்கை ஃபெலோஷிப்பை மேற்படிப்புக்கான புலமைப்பரிசில் என்று நினைத்து விண்ணப்பிப்பவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். பெரும்பாலும் இதில் பட்டம் கிடைக்காது; கொள்கை எப்படி உருவாகிறது, அதை எப்படி மாற்றுவது என்று பழகும் வாய்ப்பு இது. அமெரிக்காவில் சுகாதாரம், முதுமை சார்ந்த கொள்கைக்கென்றே ஒரு ஃபெலோஷிப் இருக்கிறது. அதில் சேர்பவர்களில் சிலர் காங்கிரஸ் (அந்நாட்டுப் பாராளுமன்றம்) அலுவலகங்களிலும் அரச நிறுவனங்களிலும் இருந்து வேலை பழகுகிறார்கள். ஆகவே தேர்வுக்குழு உங்கள் சான்றிதழ்க் கோவையைவிட, எதை மாற்றப் போகிறீர்கள் என்பதையே தேடும்.

அங்கேதான் நம்மவர்கள் "முதியோருக்குச் சேவை செய்வதே என் கனவு" என்று எழுதிவிடுகிறார்கள். கனவு எல்லோருக்கும் இருக்கிறது. வெருகல் பக்கத்தில் இருந்து பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்தெடுக்க பஸ் ஏறும் எழுபது வயது அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு விடிய வெளிக்கிட்டால், வரிசையில் இருந்து மருந்தோடு வீடு திரும்பப் பொழுதுபட்டுவிடும். இதை உருக்கமாக எழுதி அத்தோடு நிறுத்தினால் போதாது. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு ஏன் இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்க முடியாது? கிட்டத்து ஆரம்பப் பராமரிப்பு நிலையத்தில் ஏன் கொடுக்க முடியாது? அதை முடிவு செய்வது யார்? 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்களே, அதை நடமாட முடியாதவர்களுக்காவது நிரந்தரமாக்க என்ன தடை? இப்படிக் கேட்டு எழுதியவரின் பக்கத்தைத்தான் திரும்ப வாசிப்பார்கள்.

"அரசாங்கம் கவனிக்க வேண்டும்" என்ற வரியும் வேண்டாம். எந்த அரசாங்கம்? 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரத்தின் ஒரு பகுதி மாகாணத்தின் கையில் இருக்கிறது. கிழக்கு மாகாண நிர்வாகம் நம்ம ஊரிலேயே இருக்க, கொழும்பை மட்டும் நோக்கி எழுதுவது வேடிக்கைதான். முதியோருக்குப் புதுச் சட்டம் கேட்பவர்கள், முதலில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை வாசியுங்கள். பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு முறையிட ஒரு சபையே அதில் இருக்கிறது. அப்படியிருந்தும் முறையிட ஏன் தயங்குகிறார்கள் என்று ஆராய்ந்தால் நல்ல திட்டமொன்று அங்கேயே கிடைக்கும்.

தகுதியைக் கடைசியில் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் சுகாதாரக் கொள்கையை ஆராய வெளிநாட்டவரை அழைக்கும் ஹார்க்னெஸ் ஃபெலோஷிப் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. மூளை நலத்துக்கான அட்லாண்டிக் ஃபெலோஷிப் அப்படியல்ல. டப்ளினிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் நடக்கும் அதற்குப் பல நாட்டவர் போகிறார்கள், வைத்தியர்கள் மட்டுமல்ல, கலைஞர்களும் பத்திரிகையாளர்களும்கூட. தாதியரும் சமூக சேவை உத்தியோகத்தர்களும் "இது டாக்டர்மாருக்கு" என்று ஒதுங்கத் தேவையில்லை.

அப்புறம் லீவு. அரச ஊழியர் என்றால் தெரிவுக் கடிதம் வரும்வரை காத்திராமல், வெளிநாட்டுப் பயிற்சி லீவு பற்றியும் திரும்பி வந்து எத்தனை காலம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் பற்றியும் தாபனப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மேலதிகாரியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகும் அன்றே இதையும் பேசிவிடலாம்.