மூட்டுவலி இருக்கா? தூசி சீசன்ல இத கவனிங்க

ரங்கூன்ல மழை நின்னு பிப்ரவரி மார்ச் வந்துட்டாலே எங்க பெரியம்மாவுக்கு காலையில விரலை மடக்க முடியாது, நாங்க குளிர்னு நினைச்சிட்டு இருந்தோம், ஆனா அப்ப எங்கங்க குளிரு, வெயிலு மண்டைய பொளக்குது! அவங்களுக்கு ருமட்டாய்டு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டை தாக்குற வகை. பிஎம் 2.5ங்கிற நுண்தூசி நுரையீரல் ஆழம் வரைக்கும் போய் அழற்சிய கிளப்பும், அது ரத்தம் வழியா உடம்பு பூரா பரவி மூட்டுவலியையும் கூட்டலாம். கல் உடைக்கிற இடத்து சிலிக்கா தூசியும் சிகரெட்டும் இந்த நோய் வர்ற வாய்ப்பையே அதிகமாக்கும். முழங்கால் தேய்மானம் வேற கதை, அதை தூசி மேல போடாதீங்க.

போன்ல காத்து தரம் பாத்துட்டு வெளிய போங்க, ஒரு கன மீட்டர் காத்துல பிஎம் 2.5 அளவோட 24 மணி நேர சராசரி 15 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லியிருக்கு. கரண்ட் போனா தெரு பூரா ஜெனரேட்டர் ஓடும், அந்த பக்க ஜன்னல உடனே சாத்துங்க. ஏர் பியூரிஃபையர் வாங்கலாம்தான், கரண்டே இல்லாதப்ப அது சும்மா பொட்டி! அதனால விளக்குமாத்துல பெருக்காம ஈரத்துணியால தொடைங்க, சாம்பிராணிய கொஞ்ச நாள் குறைங்க (பெரியம்மா இதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டாங்க). துணி மாஸ்க் நுண்தூசிய சரியா தடுக்காது, என்95 முகத்துல ஒட்டுற மாதிரி போடுங்க. புகை ஜாஸ்தியா இருந்தா நடைய நிறுத்தாம வீட்டுக்குள்ளயே நடங்க, இல்லன்னா மூட்டு இன்னும் இறுகிடும். மாத்திரைய மட்டும் டாக்டர கேக்காம கூட்டவோ குறைக்கவோ வேணாம்.