தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்ததும், தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு அம்மா பதறிப்போய் எனக்கு போன் செய்வார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். தைராய்டு குறைவாகச் சுரப்பதால் எல்ட்ராக்சின், தைரோநார்ம் போன்ற தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது உதவும்.

படி 1: முதலில் தேதி

டோஸை கடைசியாக மாற்றியது எப்போது? இந்த மருந்தில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். புது டோஸ் உடலில் நிலைபெற்று, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவும் அதற்கேற்ப மாற 6 முதல் 8 வாரம் வேண்டும். மூன்றாவது வாரமே டெஸ்ட் எடுத்துவிட்டு, மாத்திரை கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 2: டிஎஸ்எச்

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். டிஎஸ்எச் சுரப்பது தைராய்டில் இல்லை, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால், இன்னும் கொடு என்று பிட்யூட்டரி விரட்டும், டிஎஸ்எச் ஏறும். ஹார்மோன் கூடிவிட்டால் விரட்டுவதை நிறுத்தும், டிஎஸ்எச் இறங்கும். அதாவது டிஎஸ்எச் அதிகம் என்றால் மருந்து போதவில்லை.

"9 வந்திருக்கே, மாத்திரையைக் குறைச்சிடட்டுமா?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். குறைத்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும்.

பொதுவாக 0.4 முதல் 4 வரை இயல்பு என்பார்கள். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும் என்பதால் உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். ஆனால் அந்த அளவும் எல்லோருக்கும் பொருந்தாது. மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் 2.5-க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். வயதானவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தவர்களில் சிலருக்கு வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள்.

படி 3: ஃப்ரீ டி4-ஐ பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் உடல் பயன்படுத்தும் நிலையில் இருக்கும் தைராக்சின் ஹார்மோனின் அளவு.

டிஎஸ்எச் அதிகம், ஃப்ரீ டி4 குறைவு: மருந்து போதவில்லை, அல்லது உடலில் சேரவில்லை.

டிஎஸ்எச் குறைவு, ஃப்ரீ டி4 அதிகம்: டோஸ் கூடிவிட்டது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரலாம். இப்படியே நீடித்தால் இதயத் துடிப்பு சீர்கெடலாம், எலும்பும் தேயலாம்.

டிஎஸ்எச் அதிகம், ஃப்ரீ டி4 மட்டும் நன்றாக இருக்கிறது: லேசான பற்றாக்குறையாக இருக்கலாம். பல நாள் மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டாலும் இப்படி வரும். வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் திட்டாமல் விசாரியுங்கள்.

படி 4: எண்ணைக் கெடுப்பவை

டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் ஃப்ரீ டி4 சில மணி நேரம் ஏறிக் காட்டும். முடி கொட்டுவதற்காக பயாட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில லேப் முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டும். டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

அப்புறம் அன்றாடப் பழக்கம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அம்மாவின் 9-க்குக் காரணம் இதுதான்: கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். அதை இரவுக்கு மாற்றினோம். இரண்டு மாதம் கழித்து, அதே டோஸில் 3.1.

படி 5: டாக்டரிடம் போகும்போது

தேதி, டோஸ், டிஎஸ்எச், தவறவிட்ட நாட்கள், கூடவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். டோஸை நீங்களாக மாற்ற வேண்டாம். கர்ப்பம் உறுதியானால் அடுத்த டெஸ்ட் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். நெஞ்சு படபடப்பு அடங்காவிட்டால் அன்றைக்கே போய்விடுங்கள்.