ஃபிட்ஸுக்கு இ.இ.ஜி., ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு

இ.இ.ஜி. அறையில் டெக்னீஷியன் நான். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். தலையில் ஒயர் ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு எடுப்பது என் வேலை. அதுதான் இ.இ.ஜி. வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "ஃபிட்ஸ் வந்தப்போ வீடியோ எடுத்தீங்களா?" என்றுதான். மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பில், அந்த இடம் எது என்றுதான் எல்லாச் சோதனையும் தேடுகிறது. முதல் துப்பு வீட்டில் பார்த்தவர்களிடம் இருக்கிறது. எந்தக் கை முதலில் இழுத்தது? வாய் சப்புக்கொட்டியதா? வயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறுகிறது என்று முன்னதாகச் சொன்னாரா? எழுதிக்கொண்டு வாருங்கள். இடது கையில் தொடங்கினால் சந்தேகம் வலது மூளைமேல் விழும். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு போனை எடுத்தால் போதும்.

இ.இ.ஜி.க்குத் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். "கொஞ்சூண்டுதான் தடவினேன்" என்பார்கள். ஒயர் ஒட்டும் பேஸ்ட் வழுக்க அந்தக் கொஞ்சூண்டு போதும். பூ, ஹேர்பின் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரவுத் தூக்கத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், பிள்ளையை வரும் வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். அந்தத் தூக்கம் எங்கள் கட்டிலில்தான் வரவேண்டும். வலிப்பு அலைகள் பலருக்குத் தூங்கும்போதுதான் தலைகாட்டும்.

மூக்குத்தண்டின் மேலிருந்து பிடரி வரை டேப்பால் அளந்து, 10, 20 சதவீதக் கணக்கில் புள்ளி வைத்து ஒட்டுவோம். ஒற்றைப்படை எண் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். எஃப்8, டி4 ஒயர்களில் ஊசிமுனை போன்ற அலை திரும்பத் திரும்ப வந்தால் வலது காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுப் பக்கம் என்று கண் அங்கேயே நிற்கும். பல்லைக் கடித்தால் தசையின் கிறுக்கல் திரையையே மறைத்துவிடும். வாயை லேசாகத் திறந்துவையுங்கள். நடுவில் மூன்று நிமிடம் மூச்சை இழுத்து விடச் சொல்வோம், விளக்கு மின்னும். ஷாக் எல்லாம் இல்லை. நாங்கள் கரண்ட் கொடுப்பதில்லை, மூளையில் ஓடுவதைப் பதிகிறோம், அவ்வளவுதான்.

'நார்மல்' என்று வந்தால் வலிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. வலிப்பு உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் சிக்காமல் போகலாம்.

எம்.ஆர்.ஐ.க்கு வெறும் 'பிரெய்ன்' என்று சீட்டு இருந்தால், 'எபிலெப்சி புரோட்டோகால்', அதாவது வலிப்புக்கென்றே எடுக்கும் முறை, வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காந்த சக்தி கூடுதலான 3 டெஸ்லா மெஷின் கிடைத்தால் நல்லது. சாதா ஸ்கேனின் தடித்த வெட்டுகளுக்கு நடுவில் சின்னத் தழும்பு ஒளிந்துகொள்ளும். எபிலெப்சி புரோட்டோகாலில் படத்தை 1 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டுவார்கள். ஹிப்போகேம்பஸ் என்னும் ஞாபகத்துக்கான மூளைப் பகுதி ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருப்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். மூளையில் நாடாப்புழுக் கட்டி ஆறிச் சுண்ணாம்பாகிவிட்ட புள்ளிக்கு மட்டும் சி.டி. ஸ்கேன்தான் கெட்டி. ரிப்போர்ட்டோடு, ஸ்கேன் படம் பதிந்த தட்டையும் வாங்கி வாருங்கள். டாக்டருக்குப் படம் வேண்டும்.

வலிப்பு மாத்திரைக்கு அடங்காமல் ஆபரேஷன் பேச்சு வந்தால், கேமராவும் இ.இ.ஜி.யும் ஒன்றாக ஓடும் வீடியோ இ.இ.ஜி. எடுப்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவமனை போன்ற இடங்களில் படுக்கவைத்து, நாள்கணக்கில் பதிந்து, மாத்திரையை அவர்களே பார்த்துக் குறைப்பார்கள். தேவைப்பட்டால், மூளை எந்த இடத்தில் சர்க்கரையைக் குறைவாக எடுக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேனும் உண்டு. கூட இருப்பவர், வலிப்பு தொடங்கியதும் பொத்தானை அமுக்கி, போர்வையை விலக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பதறிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு கேமராவை மறைத்துவிடாதீர்கள்.