சென்னைக்கு இரண்டு நாள்: வேலூர்க்காரர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுத் தம்பி ஒரு தாளோடு மாடி ஏறி வந்தார். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மாமனார் வீட்டார் ஆரணியிலிருந்து வருகிறார்களாம். எல்லோருமாக ஒன்பது பேர், வேன் பிடித்துச் சென்னையைச் சுற்றிவிட்டு வரலாம் என்று யோசனை. "அண்ணா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார்.

தாளில் இப்படி இருந்தது: காலை 5 மணி புறப்பாடு. 8 மெரினா. 10 மயிலாப்பூர். 12 வண்டலூர். 3 மகாபலிபுரம். 6 தி.நகர். இரவு 9 மணிக்கு வேலூருக்குக் கிளம்புதல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2009 மே மாதம் நான் எழுதிய தாளில் வண்டலூர் இருந்த இடத்தில் முட்டுக்காடு படகுச் சவாரி இருந்தது. மற்றபடி வரிக்கு வரி இதேதான்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, சார்ஜர் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் வீட்டில் யாராவது பத்துத் தடவை சொல்லிவிடுவார்கள்.

மகாபலிபுரத்தைச் சென்னைக்குள் வைப்பது

இத்தனை வருடம் கழித்தும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். நம் ஊரில் "சென்னை டூர்" என்றாலே மகாபலிபுரமும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் ஒரே பேருந்தில் காட்டிக் கூட்டிவந்த பழக்கம். ஆனால் அது சென்னையில் இல்லை. நகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர், செங்கல்பட்டு மாவட்டம். அதைவிட முக்கியமான சங்கதி, வேலூரிலிருந்து அங்கே போகச் சென்னைக்குள் கால் வைக்கவே வேண்டாம். வாலாஜா, காவேரிப்பாக்கம் தாண்டிக் காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் நேரே மகாபலிபுரம். சென்னைக்கு ஆகிற தூரம்தான் இதற்கும், ஏறத்தாழ 140 கிலோமீட்டர். நம் பாலாறுகூட இந்தத் திசையில்தான் போய், மகாபலிபுரத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. ஆற்றுக்குத் தெரிந்த வழி எனக்குத் தெரியவில்லை.

2009-ல் நாங்கள் பதினான்கு பேர். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியது, சித்தப்பா வீட்டில் பால் வரவில்லை என்று ஆறே முக்கால் ஆனது. பூந்தமல்லி தாண்டும்போது சரியாக ஆபீஸ் நேரம். மெரினாவில் இறங்கும்போது பதினொன்று. சாலையிலிருந்து தண்ணீர் வரை மணலில் நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்று போனவர்களுக்குத் தெரியும். செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு ஓடிய பிள்ளைகள் பாதி மணலில் நின்று அழுதன. அங்கிருந்து மயிலாப்பூர் போனால் கோயில் நடை சாத்தியாகிவிட்டது. சாப்பாடு, அப்புறம் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காட்டில் படகுக்கு வரிசை. மகாபலிபுரத்தில் வேன் நின்றபோது மணி ஆறு பத்து. டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஊர்வலத்தில் தனக்கென்று ஒன்றைக் கேட்டவர் பெரியம்மா ஒருவர்தான். காலண்டரில் பார்த்த கல் ரதத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். கடற்கரைக் கோயிலை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருப்பதால் அதற்குப் போனோம். இருட்டிவிட்டது. என் தம்பி செல்போன் டார்ச்சை அடித்து யானையைக் காட்டினான். யானையின் கால் வரைக்கும்தான் வெளிச்சம் எட்டியது. "நம்ம ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துலகூட இதைவிட நல்லா தெரியுமேடா" என்றார் பெரியம்மா. ரதங்கள் பக்கம் போகவே இல்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வருடம் அவருக்கு மூட்டுவலி.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. திரும்பும்போதாவது செங்கல்பட்டு வழியில் வந்திருக்கலாம். டிரைவர் தனக்குப் பழகிய ரோட்டில்தான் வருவேன் என்றார், எனக்கும் மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி ஈ.சி.ஆர்., மறுபடி சென்னை, மறுபடி பூந்தமல்லி. வீடு வந்தபோது இரவு ஒன்றே முக்கால். வேன் வாடகை கிலோமீட்டர் கணக்கு. மகாபலிபுரத்தை முதலில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு ஏறியிருந்தால் மொத்தம் 335 கிலோமீட்டரில் முடிந்திருக்கும். எங்களுக்கு 415 ஓடியது. எண்பது கிலோமீட்டருக்கும் இரவு பேட்டாவுக்கும் பணம் கொடுத்தோம், ரதம் பார்க்காமல்.

ஆகவே முதல் நாள் மகாபலிபுரம். ஐந்து மணிக்கு நிஜமாகவே கிளம்புங்கள். அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை, காலை வெயில் நேரே அதன்மேல் விழும். யானையும், தவம் செய்கிற பூனையும், அதன் காலடியில் எலிகளும் அப்போதுதான் துலக்கமாகத் தெரியும். பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை. அப்புறம் ஐந்து ரதம், கடற்கரைக் கோயில். இரண்டுக்கும் ஒரே டிக்கெட்தான். முதல் இடத்தில் அதைக் கசக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் மறுபடி வாங்குகிற ஆட்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வெயில் ஏறிய பிறகு ஈ.சி.ஆரில் வடக்கே வாருங்கள். வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று கூரையும் திண்ணையும் நிறைய, மதியத்தைக் கழிக்க வசதி. சாயங்காலம் நகரத்துக்குள் நுழைந்து அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேன் இல்லாமலும் இதைச் செய்யலாம். வேலூரில் காஞ்சிபுரம் பேருந்து, அங்கே செங்கல்பட்டுக்கு ஒன்று, செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரத்துக்கு ஒன்று. இரண்டு முறை மாறி ஏற அலுப்பாக இருக்கும்தான். ஆனால் போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை. சென்னையைப் பார்த்துவிட்டு சென்ட்ரலில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கிக்கொள்ளலாம்.

கிழமை பார்க்காமல் கிளம்புவது

எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், நம் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் தட்சிணசித்ராவுக்கும் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய். முதலைப் பண்ணைக்குத் திங்கள். மெரினா கலங்கரை விளக்கத்துக்கும் திங்கள். சனி, ஞாயிறு போகிறவர்களுக்கு இது பொருட்டில்லை. கூட்டம் இருக்காது என்று புத்திசாலித்தனமாகச் செவ்வாய்க்கிழமை லீவு போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். என் மைத்துனர் அப்படித்தான் இரண்டு குழந்தைகளோடு வண்டலூர் கேட்டுக்கு வெளியே நின்று வெள்ளரிக்காய் வாங்கிக்கொடுத்தார்.

வண்டலூர் பற்றி இன்னொன்று. அது ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், தாம்பரத்துக்கும் அப்பால். 1985-ல் பார்க் டவுனிலிருந்து அங்கே மாற்றியபோது பெரிய காட்டையே வளைத்துக் கொடுத்தார்கள். உள்ளே நடந்து முடிக்க அரை நாள் வேண்டும். மெரினாவுக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்தில் செருகுகிற இடமில்லை. தாளில் பேனாவை வைத்து முதலில் நான் அடித்தது அதைத்தான்.

மதியம் கோயிலுக்குப் போவது

கபாலீசுவரர் கோயில் நடை பகல் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். திருவல்லிக்கேணியும் மதியம் மூடித்தான் கிடக்கும்.

மெரினாவில் சூரியன் மறைவதைப் பார்க்க நினைப்பது

அது கிழக்குக் கடல். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், விவேகானந்தர் இல்லத்துப் பக்கம் மறையும்.

"மெரினாவுல இருக்கேன், வா" என்பது

ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள இடத்தில் நின்றுகொண்டு இப்படிச் சொல்வது, பாலாற்று மணலில் இருக்கிறேன் வா என்பது போல. உழைப்பாளர் சிலை என்று சொல்லுங்கள், கலங்கரை விளக்கம் என்று சொல்லுங்கள். சென்ட்ரலிலிருந்து வருகிறவர்கள் சாலையைக் கடந்து பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால், கலங்கரை விளக்கம் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. அதற்கு அடுத்தது முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம், அதற்கும் அடுத்தது திருமயிலை, அங்கிருந்து கபாலீசுவரர் கோயில் நடந்து போகிற தூரம். ஆட்டோவுக்குப் பேரம் பேசும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். டிக்கெட் ஒரு டீ விலைகூட இல்லை.

கடலில் இறங்கிக் குளிப்பது

கூடாது. இதில் வேடிக்கை பேச எனக்கு ஒன்றுமில்லை. நாம் ஏரியிலும் கிணற்றிலும் நீச்சல் பழகியவர்கள். பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே போய் வேடிக்கை பார்க்கிறவர்கள். அந்த நீச்சல் மெரினாவில் உதவாது. கரையை ஒட்டியே தரை சட்டென்று பள்ளமாகும், திரும்புகிற அலை காலுக்கடியில் மணலை வாரிக்கொண்டு இழுக்கும். போலீஸ் விசில் அடிப்பது உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க இல்லை. கணுக்கால் நனையட்டும், போதும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். செல்பி எடுக்கும்போது கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

"வேலூர் வெயிலையே பார்த்தாச்சு" என்கிற தைரியம்

வேலூர் வெயில் சுடும். சென்னை வெயில் புழுங்கும். நம் ஊரில் நிழலுக்கு வந்தால் வியர்வை காய்ந்துவிடும், அங்கே நிழலிலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். கோடையில் மதியம் கடற்காற்று உள்ளே வந்த பிறகுதான் மூச்சு விட முடியும், சில நாள் அது தாமதமாகவே வரும். கடலை விடியற்காலையில் பாருங்கள், இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு மேல். நடுப்பகலுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 1851-ல் தொடங்கியது, சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு மட்டுமே ஒரு மணி நேரம் வேண்டும்.

கோட்டை என்றதும் அகழியைத் தேடுவது

நம் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய், "இதுவா கோட்டை?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். உள்ளே தலைமைச் செயலகம் நடக்கிறது, கார்களும் காவலர்களும்தான் கண்ணில் படும். 1680-ல் கட்டிய செயின்ட் மேரி தேவாலயத்தையும் கோட்டை அருங்காட்சியகத்தையும் பார்க்க விருப்பம் இருந்தால் போங்கள், அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை. மதிலும் அகழியும்தான் வேண்டுமென்றால் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது, டோல் கட்ட வேண்டாம்.

பிரியாணி

ஆம்பூருக்கு ஐம்பது கிலோமீட்டரில் குடியிருந்துகொண்டு சென்னையில் போய்ப் பிரியாணிக் கடை தேடாதீர்கள். மீன் சாப்பிடுங்கள். கடற்கரை வண்டிகளில் பொரிக்கச் சொல்வதற்கு முன் விலையைக் கேளுங்கள்.

தி.நகர் ரங்கநாதன் தெருவை முதலில் வைப்பது

வாங்கிய பையை இரண்டு நாளும் தூக்கப்போவது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் ரயிலை நம்பிக்கைக்கு விடுவது

சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு ஏகப்பட்ட வண்டி, அதனால் யாரும் முன்பதிவு செய்வதில்லை. ஞாயிறு மாலை பெங்களூர், கோயம்புத்தூர், கேரளா பக்கம் போகிற கூட்டம் முழுக்க அதே வண்டிகளில்தான் ஏறும் என்பது பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் உறைக்கும். குழந்தை குட்டியோடு பொதுப்பெட்டியில் ஏற முடியாமல், சரி என்று ஸ்லீப்பர் பெட்டியில் ஏறி அபராதம் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு. போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள், அந்த இரண்டு மணி நேரத்தைக் கழிப்பறை வாசலில் நின்று பார்க்கட்டும்.

இரவு வண்டி என்றால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சுற்றிய உடம்பு அரக்கோணம் தாண்டுவதற்குள் தூங்கிவிடும். காட்பாடியில் வண்டி சில நிமிடம்தான் நிற்கும். நான் ஒருமுறை கண் விழித்து ஜன்னல் வழியே பார்த்தபோது பலகையில் ஜோலார்பேட்டை என்று எழுதியிருந்தது.