புள்ளிகளில் நேரம் காட்டும் வாட்ச்: வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. வெறும் ஒளிப்புள்ளிகள், பட்டைகள் அல்லது சொற்கள். இப்படி நேரம் காட்டும் டிஜிட்டல் வாட்ச் படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் கட்டிக்கொண்டால், மணி பார்க்க மறுபடி போனைத்தான் எடுப்பீர்கள்.

பைனரி வாட்சில்தான், அதாவது எரிவது, அணைவது என்ற இரண்டே நிலைகளால் எண்ணைக் காட்டும் வாட்சில்தான் குழப்பம் அதிகம். வழக்கமாக மணிக்கு 4 விளக்குகள் (8, 4, 2, 1), நிமிடத்துக்கு 6 விளக்குகள் (32, 16, 8, 4, 2, 1). எரிபவற்றைக் கூட்ட வேண்டும். மணியில் 8-ம் 2-ம், நிமிடத்தில் 32, 4, 1 எரிந்தால் 10:37. சில மாடல்களில் ஒவ்வொரு இலக்கமும் தனி வரிசை: 37-இல் 3-க்கு ஒன்று, 7-க்கு ஒன்று. வாங்கும் முன்பே இது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொரு தவறு, ஒவ்வொரு முறையும் எல்லாப் புள்ளிகளையும் கூட்டுவது. அவ்வளவு துல்லியம் எப்போதும் எதற்கு? நிமிட வரிசையில் முதலில் 32-ஐப் பாருங்கள். எரிந்தால் அரை மணி தாண்டிவிட்டது. கூடவே 16-ம் எரிந்தால் 48 அல்லது அதற்கு மேல், கிளம்புகிற நேரம்! வாட்சைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறோமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு வழி உண்டு: நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி எரிந்து அணையும் விளக்குதான் 1.

சொற்களில் நேரம் காட்டுபவை பெரும்பாலும் ஐந்தைந்து நிமிடமாகத்தான் நகரும். மீதி நிமிடங்களைச் சில மாடல்கள் மூலைப் புள்ளிகளில் காட்டும். அதைக் கவனிக்காவிட்டால் நாலு நிமிடம் பிந்திப் போவீர்கள்.

எல்இடி வாட்ச் எப்போதும் ஒளிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1972-இல் வந்த முதல் எல்இடி கைக்கடிகாரமான ஹாமில்டன் பல்சரிலேயே பட்டனை அழுத்தினால்தான் நேரம் தெரியும். விளக்கு அவ்வளவு மின்சாரம் குடிக்கும். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அழுத்திக் காட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரத்தான் செய்யும். நல்ல வெயிலில் அழுத்தினாலும் சரியாகத் தெரியாது. கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரி மாற்றும்போது அளவுதானே என்று அலட்சியம் வேண்டாம். பேட்டரியின் மேல் சிஆர்2032 என்று இருந்தால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதே அகலமுள்ள சிஆர்2025 தடிமனில் குறைவு, சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

தண்ணீர் விஷயத்தில், 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நீச்சலுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்குத்தான். ஈரக் கையோடு பட்டனை அழுத்தவும் வேண்டாம்.

அப்புறம், எல்சிடி வாட்ச் திடீரென்று கறுப்பாகத் தெரிந்தால் உடனே ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள். போலரைஸ்டு (கண்கூசலைக் குறைக்கும்) கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள்.